மாரடைப்புக்குப் பிந்தைய மனச்சோர்வு

மாரடைப்பு, ஸ்டென்ட் பொருத்துதல், பைபாஸ் அறுவை ஆகியவற்றிலிருந்து மீண்டு வருபவர்களிடம் தோன்றும் மனத்தளர்ச்சி, எதிலும் நாட்டமின்மை, அச்சம், தூக்கக்கேடு ஆகியவை சேர்ந்த நிலையே மாரடைப்புக்குப் பிந்தைய மனச்சோர்வு. மாரடைப்புக்கு உள்ளான ஐந்து பேரில் ஒருவருக்கு இது மருத்துவ இலக்கணப்படி முழு நோயாகவே அமைகிறது. லேசான அறிகுறிகள் உள்ளவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒருவர் என்ற கணக்கு வரும். இவ்வளவு பரவலான ஒன்றுக்கு டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரிகூட ஒதுக்கப்படுவதில்லை. உப்பைக் குறை, எடை தூக்காதே, இந்தத் தேதியில் எக்கோ எடு என்று எல்லாம் எழுதித் தரப்படும். மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பவர் அரிது. உயிர் பிழைத்ததே பெரிது, இதில் மனக்கவலை என்ன என்ற எண்ணம் வீட்டாருக்கு மட்டுமின்றி மருத்துவர்களில் பலருக்கும் உண்டு. அந்த எண்ணம் ஆதாரங்களுக்கு முன் நிற்பதில்லை. மனச்சோர்வு இதயம் தேறுவதோடு நேரடியாகப் பிணைந்தது. அதற்குச் சிகிச்சை தருவதற்கான காரணமோ, ஆயுள் நீளுமா என்ற கேள்வியோடு முடிந்துவிடுவதில்லை.

இத்துறையில் திருப்புமுனையாக அமைந்தது 1993இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் நான்சி ஃப்ரேஷர்-ஸ்மித், ஃபிரான்சுவா லெஸ்பெரான்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு. மாரடைப்புக்காகச் சேர்க்கப்பட்ட 222 பேரை மருத்துவமனையிலேயே நேர்கண்டு ஆறு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள். மனச்சோர்வு இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. இதயத்தின் வலு எவ்வளவு, முன்பு மாரடைப்பு வந்ததா என்பவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் இந்த வேறுபாடு மறையவில்லை. சிறிய ஆய்வு, இறந்தவர்கள் எண்ணிக்கையும் குறைவு என்பதால் இந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. பின்னர் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஆபத்து சுமார் இரண்டு மடங்கு என்ற அளவில் நின்றது. அதுவும் அலட்சியப்படுத்தக்கூடிய அளவல்ல. மாரடைப்புக்குப் பின் நோய் மோசமடைவதற்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக மனச்சோர்வை முறையாக ஏற்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2014இல் பரிந்துரைத்தது இந்த அடிப்படையில்தான்.

இது எப்படி நிகழ்கிறது என்பதற்கு உடலியல் விளக்கங்கள் பல உண்டு. மனச்சோர்வில் பரிவு நரம்புகளின் தூண்டல் கூடுகிறது, இதயத்துடிப்பின் இயல்பான ஏற்ற இறக்கம் குறைகிறது, ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன, உடலில் அழற்சியின் அளவு உயர்கிறது. இவை ஒவ்வொன்றும் ஆய்வுகளில் தென்பட்டவையே. ஆனாலும் ஆய்வுக்கூடத்தைவிட வீட்டு மாத்திரை டப்பாவில்தான் இதற்கான விடை பளிச்சென்று தெரியும். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினோடு இன்னொரு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையும் பொதுவாக ஓராண்டு வரை தரப்படுகிறது. அதை இடையில் நிறுத்தினால், குறிப்பாக முதல் மாதங்களில், ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். மனச்சோர்வில் இருப்பவர் இந்த மாத்திரையை வேண்டுமென்று தூக்கி எறிவதில்லை. புதன்கிழமைக் கட்டத்தில் மாத்திரை அப்படியே கிடக்கும், அவ்வளவுதான். சாப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்ற அலுப்பே அதற்குப் போதும். காலை நடை நின்றுபோவதும், விட்ட சிகரெட் திரும்ப வருவதும், மறுபரிசோதனைத் தேதி தள்ளிக்கொண்டே போவதும் இதே அலுப்பின் வேலை.

பெரிய நோய் வந்தால் வருத்தம் வரத்தானே செய்யும், அதற்கு ஏன் நோய்ப் பெயர் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். முதல் இரண்டு மூன்று வாரங்களின் கலக்கமும் திடீர் அழுகையும் பலருக்குத் தாமாகவே வடிந்துவிடுகின்றன. அவற்றுக்கெல்லாம் மாத்திரை தேவையில்லை. ஒரு நாளின் பெரும்பகுதியை, தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல், அந்தச் சோர்வே விழுங்கத் தொடங்கினால் கதை வேறு. இதில் சிக்கல் என்னவென்றால் அசதி, பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை இதயம் பலவீனப்பட்டாலும் வரும், மனம் சோர்ந்தாலும் வரும். அதனால் இவற்றை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. முன்பு விரும்பிச் செய்த வேலைகளில் நாட்டம் போய்விட்டதா, மனம் கனத்து நம்பிக்கையற்று இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளோடுதான் உலகெங்கும் இந்தச் சோதனை தொடங்குகிறது. ஒரு நிமிடம்கூட ஆகாது. நம் வீடுகளில் இதற்கான பதில் நேரடியாக வராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘மனசு சரியில்லை’ என்று சொல்பவரைவிட ‘உடம்பே அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’, ‘நெஞ்சு படபடன்னு அடிக்குது’ என்பவர்களே அதிகம். ஆண்களில் சிலர் எதுவுமே சொல்லாமல், காபி ஆறிவிட்டது என்பதற்கெல்லாம் எரிந்து விழுவார்கள்.

மாத்திரைதான் மனதைக் கெடுக்கிறது என்ற பேச்சும் உண்டு. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் மனச்சோர்வை உண்டாக்கும் என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். பின்னர் நடந்த ஆய்வுத் தொகுப்புகள் அதை உறுதிப்படுத்தவில்லை. சிலருக்குத் தூக்கம் கெடுவதும் வினோதக் கனவுகள் வருவதும் உண்மை. அதைச் சொன்னால் மருத்துவர் மருந்தை மாற்றித் தருவார். தாமாகத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பும் ஆபத்து உண்டு.

சோர்வைவிட அதிகமாக வாட்டுவது அச்சம். பைபாஸ் முடிந்தவருக்கு மார்பெலும்பு கூட இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை இருமினாலும் புரண்டு படுத்தாலும் சுருக்கென்று வலிக்கும். ஒவ்வொரு சுருக்கையும் அடுத்த அட்டாக் என்றே மனம் படிக்கிறது. இரவு இரண்டு மணிக்கு நாடியைப் பிடித்து எண்ணத் தோன்றுகிறது. பதற்றத் தாக்குதலும் மாரடைப்பும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், புதிய வகை நெஞ்சுவலியை ‘வெறும் பயம்தான்’ என்று வீட்டிலேயே தீர்ப்பெழுதக் கூடாது. இசிஜி பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் அந்த அச்சம் நீடித்தால் அதற்குத் தனியாக மருத்துவம் வேண்டும். எட்டுப் பேரில் ஒருவருக்கு மாரடைப்பு வந்த நாளின் நினைவே பேரதிர்ச்சிக்குப் பிந்தைய உளநோயாக உறைந்துவிடுவதாக ஆய்வுத் தொகுப்பு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. வீட்டாரின் அன்பும் இங்கே எதிராகத் திரும்பும். படியேறாதே, வண்டி எடுக்காதே, கடைக்குப் போகாதே, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மருத்துவர் சொன்ன தடைக்காலம் முடிந்தும் சொல்லிக்கொண்டே இருந்தால், இதயம் தேறிய பிறகும் ஆள் நோயாளியாகவே வைக்கப்படுகிறார். தாம்பத்தியத்தைப் பற்றி இரு தரப்புமே வாய் திறப்பதில்லை. நோய் கட்டுக்குள் இருந்து, இரண்டு மாடி படியேறியும் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இல்லையென்றால் பொதுவாக அதற்குத் தடையில்லை. நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் சில்டெனாஃபில் வகை மருந்துகளைத் தொடக் கூடாது என்பது மட்டும் கண்டிப்பான விதி.

தவறான நம்பிக்கைகளைத் திருத்தினாலே எவ்வளவு மாறும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலிருந்து ஒரு சான்று உண்டு. ராபர்ட் லெவின் குழு உருவாக்கிய ‘ஹார்ட் மேனுவல்’ என்ற ஆறு வாரக் கையேடு 176 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 1992இல் வெளிவந்தன. வீட்டில் இருந்தபடியே படித்து, உடற்பயிற்சியும் மன இறுக்கத்தைத் தளர்த்தும் பயிற்சியும் செய்யும் முறை அது. பயன்படுத்தியவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, முதல் ஆறு மாதங்களில் மருத்துவமனையில் மீண்டும் சேர்வதும் குறைந்தது. இதயம் தேய்ந்துபோய்விட்டது, ஓய்வுதான் மருந்து போன்ற எண்ணங்களைத் தேடிப்பிடித்துத் திருத்தியதே அதன் தனித்தன்மை. இந்தியாவில் இதயப் புனர்வாழ்வு மையங்கள் அரிது என்பதால் இத்தகைய வீட்டு முறைகளுக்கு இங்கே கூடுதல் மதிப்பு உண்டு. 24 இந்திய மருத்துவமனைகளில் ஏறத்தாழ 4,000 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த ‘யோகா-கேர்’ ஆய்வின் முடிவுகள் 2020இல் வெளிவந்தன. யோகா சார்ந்த பயிற்சி மரணத்தையோ மறுமாரடைப்பையோ குறைத்ததாக உறுதிப்படவில்லை. ஆனால் தங்கள் உடல்நலத்தை மேலாக உணர்ந்ததும் பழைய அன்றாட வேலைகளுக்குத் திரும்பியதும் பயிற்சி பெற்றவர்களிடம் அதிகம்.

வலுவான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. மனச்சோர்வு ஆபத்தானது என்றால், அதைக் குணப்படுத்தினால் உயிர் பிழைப்போர் கூட வேண்டுமே? அமெரிக்காவில் 2,481 பேரிடம் நடந்து 2003இல் வெளியான ‘என்ரிச்ட்’ ஆய்வு இதைத்தான் சோதித்தது. அறிதல்-நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களின் மனநிலை ஓரளவு தேறியது. மரணமும் மறுமாரடைப்புமோ இரு குழுக்களிலும் ஏறத்தாழ 24 விழுக்காடு, வித்தியாசமே இல்லை. தென் கொரியாவில் 300 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில் எஸ்சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மருந்தை எடுத்தவர்களுக்கு எட்டாண்டு காலத்தில் பெரிய இதய நிகழ்வுகள் 40.9 விழுக்காடு, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 53.6 விழுக்காடு. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் ஒரே மருத்துவமனை, இறப்பில் தெளிவான வேறுபாடும் இல்லை. ஆக, சிகிச்சை ஆயுளை நீட்டும் என்று இன்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால் சிகிச்சையே வீண் என்று முடிவுகட்டுவதுதான் தவறு. மூட்டுவலிக்கு மருந்து கொடுக்கும்போது ஆயுள் எத்தனை நாள் கூடும் என்று யாரும் கேட்பதில்லை. மனச்சோர்வு தன்னளவிலேயே வேதனை. வேலையையும் உறவையும் குலைப்பது. அது குறைவதே போதுமான பலன்.

எல்லோரிடமும் படிவத்தை நீட்டிக் கேள்வி கேட்டால் போதுமா என்பது இன்னொரு விவாதம். 2019இல் வெளியான, 1,500 இதய நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வில் அப்படிச் சலித்தெடுத்ததால் வாழ்க்கைத் தரம் உயரவில்லை. கேட்டுவிட்டு விடுவதால் பயனில்லை என்பதே இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு. சியாட்டிலில் நடந்து 2010இல் வெளியான, 214 பேர் கொண்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. மனச்சோர்வோடு சர்க்கரை நோயோ இதய நோயோ கட்டுக்கடங்காமல் இருந்தவர்களை ஒரு செவிலியர் தொடர்ந்து அழைத்துப் பேசினார். மருத்துவர்களின் மேற்பார்வையில் மருந்துகள் சரிசெய்யப்பட்டன. ஓராண்டில் மனச்சோர்வோடு ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு ஆகியவையும் இறங்கின. தொடர்ந்து கவனிக்க ஒருவர் இருந்ததுதான் வித்தியாசம்.

மருந்தைப் பொறுத்தவரை, 369 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ‘சாட்ஹார்ட்’ ஆய்வு, அண்மையில் மாரடைப்போ நிலையற்ற நெஞ்சுவலியோ வந்தவர்களின் இதய இயக்கத்தை செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மருந்து கெடுக்கவில்லை என்று காட்டியது. பழைய டிரைசைக்ளிக் வகை மருந்துகள் இதயத் துடிப்பின் லயத்தைக் குலைக்கலாம் என்பதால் மாரடைப்புக்குப் பின் தவிர்க்கப்படுகின்றன. சிட்டலோப்ராமின் அளவுக்கும் வரம்பு உண்டு. செர்ட்ரலின் வகை மருந்துகள் ஆஸ்பிரினோடு சேரும்போது ரத்தக்கசிவு வாய்ப்பைக் கூட்டும். அதனால் இதய மருத்துவரும் மனநல மருத்துவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் அறிந்திருக்க வேண்டும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். தூக்க மாத்திரைபோல் அடிமையாக்கும் என்ற பயம் வேண்டாம். ஆனால் நிறுத்தும்போது படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.

வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு எழுந்தால் அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காதீர்கள்; அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.