தகர டப்பாவும் தந்தியின் குரலும்



மதுரைச் சிம்மக்கல்லிலிருந்து தெற்கு நோக்கிச் சிறிது தூரம் நடந்தால் மீனாட்சியம்மன் திருக்கோயிலின் வடக்குக் கோபுரத்தை அடையலாம். உள்ளே, வடக்கு ஆடி வீதியில் இசைத் தூண்கள் நிற்கின்றன. ஒரே கல்லில் பல மெல்லிய தூண்களைச் செதுக்கி நிறுத்திய தொகுதிகள் அவை. ஒவ்வொரு சிறு தூணுக்கும் அதன் நீளத்துக்கும் பருமனுக்கும் ஏற்ற ஒரு சுரம் உண்டு. ஆனால் அந்தத் தூணின் எல்லா இடமும் ஒன்றுபோல் அதிர்வதில்லை. இரு முனைகளும் கல்லோடு கல்லாகப் பிணைந்திருப்பதால் அங்கே அசைவு மிகக் குறைவு. இடைப்பகுதியிலேதான் அது நன்றாக அதிர்கிறது. ஒரு பொருள் ஒலிக்கும்போது அதன் எந்த இடத்தில் ஒலியை வாங்குவது என்னும் கேள்வி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

இன்று பல நாடுகளில் இளைஞர்கள் பிஸ்கட் டப்பா, வாணலி, பாத்திர மூடி ஆகியவற்றைக் கொண்டு தாமே கிதார் செய்து கொள்கிறார்கள். ஒலியை மின்சாரமாக மாற்றும் பிக்கப் என்னும் சிறு கருவியை அதில் எங்கே பொருத்துவது என்பதே அவர்களுக்குப் பெரிய வழக்காக இருக்கிறது. இதை வெறும் கைவேலை என்று தள்ளிவிடலாகாது. இந்த வழக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் நமக்கும் பங்குண்டு.

தந்தி தனியே நின்றால் அதற்குக் குரல் இல்லை. மெல்லிய கம்பி காற்றை வெட்டிக்கொண்டு போகுமேயன்றி அதைத் தள்ளாது. அதன் அதிர்வை அகன்ற பரப்பு ஒன்று ஏற்றுக் காற்றை அசைத்தால்தான் நம் செவிக்கு ஒலி எட்டும். அந்தப் பரப்பைத் தாங்கும் கலத்துக்கு யாழ் நூலார் இட்ட பெயர் பத்தர். பாணர் யாழின் பத்தர் தோல் போர்த்தது. அதைச் செய்யத் தேர்ந்த கை வேண்டும். ஆனால் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் வருகிறான். அவன் தீக்கடைகோலில் பிறந்த நெருப்பால் துளையிட்டுக் குழல் செய்து ஊதுகிறான். அது சலித்ததும் உள்ளே பொள்ளலான குமிழங் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் ஒன்று செய்துகொள்கிறான். அந்தப் பொள்ளலே ஒலிக்கு இடம் தந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன். கைக்கு எட்டிய பொருளில் இசைக் கருவி செய்தவனைப் பற்றி நம் இலக்கியத்தில் இதைவிடத் தெளிவான சான்றை நான் காணவில்லை. விபுலானந்த அடிகள் 1947ஆம் ஆண்டில் வெளிவந்த தம் யாழ் நூலில் பழைய யாழ்களின் அமைப்பை ஆராய்ந்தபோது, இந்த எளிய வில்லையே அவற்றின் தொடக்கமாகக் கொண்டார்.

வில்லுக்கு வீட்டுப் பொருள் ஒன்றையே பத்தராக்கும் வழக்கம் நம் தென்மாவட்டங்களில் இன்னும் அழியவில்லை. வில்லுப்பாட்டில் வில்லைத் தாங்கி நிற்பது மண்குடம். வைகை மதுரையைக் கடந்து கீழே செல்லும் மானாமதுரையில், வேளார் எனப்படும் குயவர் பலகையாலும் கல்லாலும் தட்டித் தட்டி வனையும் கடம் கச்சேரி மேடைக்கே ஏறிவிட்டது. தண்ணீர்க் குடத்தைவிட அது கனமும் தடிப்பும் மிக்கது. அதன் வாயருகே ஒலிவாங்கியை வைத்தால் ஆழ்ந்த கும்மென்ற ஒலி மேலோங்கும்; வயிற்றருகே வைத்தால் விரலின் நாதம் துலங்கும். கருவி ஒன்றே, வாங்கும் இடம் மாறக் குரலும் மாறிவிடுகிறது.

இனிக் கடல் கடந்து செல்வோம். அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஏழை மக்கள் சுருட்டுப் பெட்டியில் கோல் ஒன்றைச் செருகித் தந்தி கட்டி வாசித்தார்கள். 1920களில் அங்கே நடன அரங்குகள் பெருகின; எக்காளங்களின் நடுவே கிதார் கேட்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜார்ஜ் பூஷாம் என்னும் இசைக் கலைஞர், ஸ்லொவாக்கியாவிலிருந்து குடியேறிய ஜான் டோபியேரா என்னும் கைவினைஞரிடம் உரத்த கிதார் ஒன்று கேட்டார். டோபியேரா மெல்லிய அலுமினியத் தகட்டைக் கூம்பாகத் திரட்டி, உலோக உடலுக்குள் மூன்று கூம்புகளை வைத்தார். 1927ஆம் ஆண்டில் ரெசனேட்டர் கிதார் இவ்வாறு பிறந்தது. பின்னர் வந்த ஒற்றைக் கூம்புக் கிதாரில் குதிரையைத் தாங்கும் சிறு வட்ட மரத்துண்டுக்குப் பிஸ்கட் என்றே பெயர்! கூட்டாளிகளிடம் பிணக்குற்ற டோபியேரா, சகோதரர்களோடு சேர்ந்து டோப்ரோ என்னும் வேறொரு வகையைத் தொடங்கினார்.

இதற்குப் பின் நடந்ததே எனக்கு வியப்பூட்டுவது. உரத்த பத்தரைக் கேட்டுப் பெற்ற அதே பூஷாம், சில ஆண்டுகளிலேயே பத்தரே வேண்டாம் என்னும் முடிவுக்கு வந்தார். வீட்டு இயந்திரம் ஒன்றின் மோட்டாரைக் கொண்டு கம்பிச் சுருளைச் சுற்றி, லாடக் காந்தங்களை அதனோடு பொருத்தி, எஃகுத் தந்தியின் அசைவை நேரே மின்சாரமாக்கினார். 1931இல் மரத்தில் மாதிரி செய்யப்பட்டது. 1932இல் அலுமினியத்தில் வார்த்து விற்கப்பட்டது. வட்டத் தலையும் நீண்ட கைப்பிடியுமாக இருந்த அதை மக்கள் வாணலி என்று கேலியாக அழைத்தார்கள். 1937இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. உரப்புக்காகப் பிறந்த அலுமினியக் கூம்பு, உரப்புக்காக இனி வேண்டப்படவில்லை. எனினும் அது சாகவில்லை. அதன் உலோகக் குரலுக்காகவே அதைத் தேடுவோர் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர்.

டப்பாக் கிதார் செய்பவன் இந்தத் திருப்பத்தை மனத்தில் கொள்ள வேண்டும். காந்தப் பிக்கப் தந்தியை மட்டுமே அறியும், டப்பாவை அறியாது. தண்டியின் முடிவருகே வைத்தால், அங்கே தந்தியின் வீச்சு அகலமாக இருப்பதால் குரல் உருண்டு வரும். குதிரையருகே வைத்தால் மேற்சுரங்கள் தலைதூக்கிக் கூர்மையாகும். குதிரையிலிருந்து தந்தியின் நீளத்தில் நான்கில் ஒரு பங்கில் வைத்தால், விரல் படாத தந்தியின் நான்காம் மேற்சுரம் அவ்விடத்தில் அசைவதே இல்லை. ஆகவே அது கேட்காது. ஆனால் விரலோ உருளையோ தந்தியின் மேல் நகர்ந்தவுடன் அந்த அசைவற்ற புள்ளியும் நகர்ந்துவிடும். காந்தத்துக்கு என்றைக்கும் சரியான இடம் ஒன்று இல்லை என்பது இதனால் விளங்கும்.

டப்பாவின் குரல் வேண்டுமென்றால் வேறு வழி வேண்டும். சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றும் என்பதைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டார்கள். பீசோ வில்லை எனப்படும் இன்றைய மலிவான தகடு அதன் வழித்தோன்றல். அதை மூடியில் எங்கே ஒட்டுவது? விளிம்பில் மூடி இறுகப் பிடிக்கப்பட்டிருப்பதால் ஒலி மெலிந்து கீச்சிடும். நட்ட நடுவிலோ அசைவு மிகுதி. அடிச்சுரம் மற்றவற்றை அமுக்கிவிடும். இதை 1787இலேயே கிளாட்னி என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்ணுக்குக் காட்டினார். தகட்டின் மேல் மணலைத் தூவி விளிம்பில் வில்லால் இழுத்தால், அசையாத கோடுகளில் மணல் போய்த் தங்கும். நம் மாணவர்கள் கோலப்பொடியைக் கொண்டே இதைச் செய்து பார்க்கலாம். மூடியின் கீழே சிறு ஒலிபெருக்கி ஒன்றை வைத்து ஒரே சுரத்தை ஒலிக்கச் செய்தால், பொடி தானே கோலமிடும். சுரம் மாறினால் கோலமும் மாறும். ஆதலால் ஒரு கோலத்தைப் பார்த்து இடத்தை முடிவு செய்துவிடக் கூடாது. பல சுரங்களில் பார்த்து, எதிலும் முற்றாக அடங்காத இடத்தைத் தேர வேண்டும். பெரும்பாலும் அது நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே சற்று ஒதுங்கியிருக்கும்.

நம் வீணைக்கும் இதே சோதனை வந்தது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சிராப்பள்ளியிலும் வானொலி நிலையங்கள் தொடங்கின. ஒலிப்பதிவு அறையின் அமைதியில், அருகே வைத்த ஒலிவாங்கியின் முன் வீணை தன் இயல்பான குரலிலேயே பேசியது. பெரிய சபைகளில் அது இயலவில்லை. மிருதங்கத்தின் பக்கத்தில் வைத்த ஒலிவாங்கி மிருதங்கத்தையே கேட்கும். ஆகவே வீணையின் உடலிலேயே பிக்கப்பை ஒட்டும் வழக்கம் வந்தது. எஃகுத் தந்தி காந்தத்துக்கு அடங்கும்; பித்தளைத் தந்தியோ அடங்காது. குதிரையோடு ஒட்டிய பிக்கப் மீட்டும் விரலின் உராய்வையும் நகத்தின் கீறலையும் பெரிதாக்கிக் காட்டும். குடத்தின் மேற்பலகையில் தள்ளி ஒட்டினால் பலாமரத்தின் கனிவு சேரும், ஆனால் ஒலிபெருக்கி சற்று உரத்தவுடன் ஊளையிடத் தொடங்கும். வீணை தன் நயத்தை இழந்து மின்சாரக் குரல் பெற்றுவிட்டது என்று ரசிகர்கள் குறைகூறியது காரணமின்றி அன்று. தந்தியை மட்டும் கேட்கும் கருவிக்குத் தஞ்சாவூர்த் தச்சர் பலாமரத்தைப் பார்த்துப் பார்த்துக் குடைந்தெடுத்த குடம் எதற்கு? அவருடைய தொழிலின் மதிப்பே பிக்கப் ஒட்டும் இடத்தில் தொங்குகிறது.

எதிர்வழியில் சென்று வென்றவரும் உண்டு. 1978இல் சிறுவராக மேடையேறி 2014இல் மறைந்த உ. ஸ்ரீநிவாஸ், மாண்டலினின் பொள்ளலான உடலைக் கைவிட்டு, திண்மையான உடலும் ஐந்து ஒற்றைத் தந்திகளும் கொண்ட மின்சார மாண்டலினை ஏற்றார். மரப்பெட்டி மாண்டலினில் நாதம் விரைந்து அடங்கும், கமகம் நீளாது. அவருக்கு வேண்டியது தந்தியின் நீண்ட மூச்சு. பெட்டியின் குரல் அன்று. ஆகவே காந்தம் அவருக்குப் பொருந்தியது.

டப்பாக் கிதார்க்காரனின் நிலை வேறு. அவன் டப்பாவைத் தேடி எடுத்ததே அதன் குரலுக்காக. அவன் பீசோ வில்லையைக் குதிரையின் கீழுள்ள மரத்துண்டுக்கும் மூடிக்கும் நடுவே செருகாமல், மூடியின் உட்புறத்தில், நடுவிலிருந்து சற்று விலக்கி ஒட்டட்டும். மெழுகால் தற்காலிகமாக ஒட்டி, வாசித்துக் கேட்டு, விரற்கடை அளவாக நகர்த்திய பிறகே பசையிடட்டும். ஊளை மிகுந்தால், டப்பாவின் அடியில் பழந்துணி கொஞ்சம் அடைத்தால் போதும்.