ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு... பாடம் புரிஞ்சாச்சா? வகுப்பறையில் டிஜிட்டல் கருவிகளை எப்படிப் பயன்படுத்துவது?

பத்தாம் வகுப்பு, அறிவியல் பீரியட். ஸ்மார்ட் போர்டில் மின்னோட்டம் பற்றி 15 நிமிட வீடியோ ஓடுகிறது. கலர் கலரா அனிமேஷன், தெளிவான குரல். வகுப்பே அமைதியாகப் பார்க்கிறது. முடிந்ததும் ஆசிரியர் கேட்கிறார், "புரிஞ்சுதா?" எல்லோரும் ஒரே குரலில், "புரிஞ்சுது சார்!" மறுநாள் அதே பாடத்திலிருந்து கரும்பலகையில் ஒரு சின்னக் கணக்கு. பாதிப் பேர் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆசிரியர், மாணவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தக் காட்சி உங்களுக்குப் புதுசு இல்ல. தப்பு வீடியோவிலும் இல்லை, பிள்ளைகளிடமும் இல்லை. அந்த 15 நிமிடத்தில் பிள்ளைகள் செய்தது ஒரே ஒரு வேலைதான்: வேடிக்கை பார்த்தது. திரையில் என்ன ஓடுகிறது என்பதைவிட, அது ஓடும்போது பிள்ளை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். இதை வைத்துக்கொண்டு டிஜிட்டல் கருவிகளை வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்தலாம் என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இப்போ என்னென்ன இருக்கு?

2018-19 கல்வியாண்டில் 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோதே, பாடங்களுக்குள் க்யூஆர் கோடு அச்சிடப்பட்டது. போனில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ, பயிற்சிகள் திறக்கும். மத்திய அரசின் தீக்‌ஷா தளத்தோடு இது இணைக்கப்பட்டது.

2019 ஆகஸ்ட் 26-ல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அதன் பாட வீடியோக்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன.

2023 ஜூலையில் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் 'மணற்கேணி' செயலி வந்தது. தமிழ்நாடு பாடத்திட்டத்தின்படி தமிழிலும் ஆங்கிலத்திலும் வீடியோ பாடங்கள் இதில் இருக்கின்றன. தோண்டத் தோண்ட ஊறும் மணல் கிணறு போல, கற்கக் கற்க அறிவு ஊறும் என்று சொல்லும் குறளிலிருந்து எடுத்த பெயர் இது.

இவை தவிர உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப், தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறை, ஆசிரியர்களுக்கு டேப்லெட் என்று அடுத்தடுத்து வந்திருக்கின்றன. ஆக, பல பள்ளிகளில் கருவி இருக்கிறது. அதை எந்த நிமிடத்தில், எதற்காகத் திறக்கிறோம் என்பதுதான் இப்போதைய கேள்வி.

வீடியோ போடலாம்... ஆனா எப்படி?

வீடியோ நல்ல கருவிதான். இதயம் துடிப்பதை, எரிமலை வெடிப்பதை, விதை முளைப்பதைச் சாக்பீஸால் காட்ட முடியாது. ஆனால் முழுசா ஓடவிட்டுக் கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால், "புரிஞ்சுது" என்பதைத் தவிர வேறு பதில் வராது.

இப்படிச் செய்து பார்க்கலாம்:

- 15 நிமிட வீடியோவில் தேவையான 3 நிமிடத்தை மட்டும் முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள்.
- போடுவதற்கு முன்பே கேள்வியைக் கொடுங்கள். "இதுல ரத்தம் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகுதுன்னு கவனிங்க" என்று சொன்னால், பார்வைக்கு ஒரு வேலை கிடைத்துவிடும்.
- நடுவில் நிறுத்துங்கள். "அடுத்து என்ன ஆகும்?" என்று நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பிறகு ஓடவிடுங்கள்.
- ஒருமுறை ஒலியை முழுசா குறைத்துவிட்டு, ஒரு மாணவரை விளக்கம் சொல்லச் சொல்லுங்கள். பாடம் புரிந்ததா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அறிவியலுக்கு சிமுலேஷன்

பார்ப்பதிலிருந்து செய்வதற்கு நகர்த்தும் கருவி சிமுலேஷன். அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் 'ஃபெட்' தளம் இதில் பிரபலமானது. இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் தொடங்கியது. இணையதளத்தில் இலவசம். பல சிமுலேஷன்கள் தமிழிலும் இருக்கின்றன.

முதலில் சொன்ன அதே மின்னோட்டப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஃபெட் தளத்தில் ஓம் விதிக்கு ஒரு சிமுலேஷன் உண்டு. மின்னழுத்தத்துக்கு ஒரு ஸ்லைடர், மின்தடைக்கு ஒரு ஸ்லைடர். 4.5 வோல்ட், 500 ஓம் என்று வைத்தால் மின்னோட்டம் 9 மில்லி ஆம்பியர் என்று காட்டும்.

இப்போ ஸ்லைடரைத் தொடாமல் கேளுங்கள்: "மின்தடையைப் பாதியா குறைச்சா மின்னோட்டம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா?" எல்லோரும் நோட்டில் எழுதட்டும். பிறகு ஒரு மாணவியைக் கூப்பிட்டு 250 ஓமுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். 18 மில்லி ஆம்பியர்! 'குறையும்' என்று எழுதியவர் அதை மறக்க மாட்டார். தான் ஒன்று நினைத்து, வேறு ஒன்று நடந்ததைப் பார்த்த பிள்ளை "ஏன்?" என்று கேட்கும். பாடம் தொடங்குவது அந்த "ஏன்"-ல்தான்.

ஒன்றை மறக்கக் கூடாது. சிமுலேஷன் ஆய்வகத்துக்கு மாற்று இல்லை. பேட்டரி, கம்பி, பல்பு கையில் இருந்தால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். கையால் செய்ய முடியாததை, ஆபத்தானதை, கண்ணுக்குத் தெரியாததைக் காட்டத்தான் சிமுலேஷன்.

கணக்குக்கு ஜியோஜீப்ரா

ஆஸ்திரியாவைச் சேர்ந்த மார்கஸ் ஹோகன்வார்ட்டர் 2001-ல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது உருவாக்கத் தொடங்கிய மென்பொருள் இது. வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம்.

முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகை. இதை மனப்பாடம் செய்யாத பிள்ளை இல்லை. ஜியோஜீப்ராவில் ஒரு முக்கோணம் வரைந்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தால், மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே இருக்கும். கூட்டுத்தொகை மட்டும் மாறாது. "180 வராத மாதிரி ஒரு முக்கோணம் செஞ்சு காட்டு பார்ப்போம்" என்று சவால் விடுங்கள். கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "முடியல மிஸ்" என்பார்கள். அப்போது "ஏன் முடியல?" என்று கேட்டுவிட்டு கரும்பலகையில் நிரூபணத்தைத் தொடங்கினால், அந்த நிரூபணத்துக்கு ஒரு தேவை வந்திருக்கும்.

ஒரே ஒரு போன், 40 பிள்ளைகள்... என்ன பண்ணலாம்?

'பிளிக்கர்ஸ்' என்று ஒரு கருவி. மாணவர்கள் கையில் எந்தச் சாதனமும் வேண்டாம். ஆளுக்கு ஒரு காகித அட்டை. அதில் க்யூஆர் கோடு மாதிரி ஒரு வடிவம். அட்டையை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறார்களோ அதைப் பொறுத்து விடை ஏ, பி, சி, டி என்று மாறும். ஆசிரியர் தன் போன் கேமராவை வகுப்பு முழுவதும் ஒரு சுற்று காட்டினால் போதும், யார் என்ன விடை சொன்னார்கள் என்று பதிவாகிவிடும்.

இதில் என்ன நன்மை? ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்து இலையைப் பார்த்து எழுத முடியாது. எப்போதும் கையைத் தூக்கும் நான்கு பேரோடு, கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பிள்ளையின் விடையும் ஆசிரியருக்குத் தெரியும்.

உதாரணமா ஒரு கேள்வி: "மின்னழுத்தம், மின்தடை ரெண்டையும் இரண்டு மடங்கா ஆக்கினா மின்னோட்டம் என்ன ஆகும்?" சரியான விடை, மாறாது. வகுப்பு பாதிக்குப் பாதி பிரிந்து நின்றால் உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். "பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசி, உங்க விடைதான் சரின்னு ஒத்துக்க வைங்க" என்று இரண்டு நிமிடம் கொடுத்து, மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்லுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து தன் வகுப்பில் செய்துவந்த முறை இது.

அட்டையும் இல்லையா? நெஞ்சோடு சேர்த்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரலைக் காட்டச் சொன்னாலும் இதே வேலை நடக்கும். செலவு பூஜ்ஜியம்.

தமிழ், சமூக அறிவியலுக்கு?

கூகுள் எர்த்தில் காவிரியைத் தலைக்காவிரியிலிருந்து பிடித்துக்கொண்டு வாருங்கள். மேட்டூர் அணை, முக்கொம்பில் கொள்ளிடம் பிரியும் இடம், கல்லணை, பூம்புகார் கடல் என்று ஒரு ஆற்றை முழுசாகப் பார்த்த பிள்ளைக்கு 'டெல்டா' என்ற சொல் வெறும் சொல்லாக இருக்காது. அதிலேயே 1984 முதலான செயற்கைக்கோள் படங்களை வரிசையாகக் காட்டும் வசதியும் உண்டு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றிக் கட்டடங்கள் எப்படி ஏறி வந்தன என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

தமிழுக்கு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஒரு புதையல். பழைய நூல்கள், இதழ்களின் பக்கங்கள் ஸ்கேன் வடிவில் இருக்கின்றன. நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு பக்கத்தைத் திரையில் காட்டி, "இதுல எந்தெந்த எழுத்து இப்போ நாம எழுதற மாதிரி இல்ல?" என்று கேட்டால் எழுத்துச் சீர்திருத்தப் பாடம் தானாகத் தொடங்கிவிடும். வாசிப்புப் பயிற்சிக்கு போனில் இருக்கும் ரெக்கார்டரே போதும். தான் வாசித்ததைத் தானே கேட்கும் பிள்ளை ல, ள, ழ எங்கே இடறுகிறது என்பதைத் தானே பிடித்துவிடும்.

நெட் இல்லன்னா?

பல பள்ளிகளில் இதுதான் நிஜமான பிரச்சினை. வழி இருக்கிறது. ஃபெட் சிமுலேஷன்களை ஒவ்வொன்றாக டவுன்லோடு செய்து பென் டிரைவில் எடுத்துப் போகலாம். இணையம் இல்லாமலே ஓடும். ஜியோஜீப்ராவை கணினியில் நிறுவிவிட்டால் ஆஃப்லைனில் இயங்கும். தீக்‌ஷா செயலியிலும் பாடங்களை முன்கூட்டியே சேமிக்கலாம். முதல் நாள் இரவே எடுத்து வைத்து, பள்ளிக் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. 40 நிமிட பீரியடில் 10 நிமிடம் 'லோடிங்' சுற்றினால் வகுப்பு கையை விட்டுப் போய்விடும்.

வீட்டில் போன் இல்லாத பிள்ளை என்ன செய்யும்?

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. 2024-ம் ஆண்டுக்கான அசர் ஆய்வு, இந்திய கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயதுள்ளவர்களிடம் போன் பற்றிக் கேட்டது. கிட்டத்தட்ட 90% பேர் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது என்றார்கள். கேட்க நல்லா இருக்கு. ஆனா போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருந்த ஆண் பிள்ளைகள் சுமார் 36%, பெண் பிள்ளைகள் சுமார் 27% மட்டுமே.

வீட்டில் போன் இருப்பது வேறு, பிள்ளையின் கையில் இருப்பது வேறு. அப்பா வேலைக்குப் போகும்போது போனும் கூடவே போய்விடும். இரவு திரும்பி வரும்போது சார்ஜ் இருக்காது, இல்லையென்றால் அண்ணன் கையில் இருக்கும். "வாட்ஸ்அப் குரூப்ல லிங்க் போட்டிருக்கேன், பார்த்துட்டு வாங்க" என்று சொன்னால், அந்த ஒரு வரியிலேயே சில பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே போய்விடுகிறார்கள். அதில் பெண் பிள்ளைகள் அதிகம்.

அதனால் டிஜிட்டல் வேலை முடிந்தவரை வகுப்பு நேரத்திலேயே, எல்லோர் கண் முன்னாலும் நடக்கட்டும். வீட்டுக்குக் கொடுப்பது நோட்டிலும் புத்தகத்திலும் முடிக்கக் கூடியதாக இருக்கட்டும்.

கொரோனா காலம் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றுத் தந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8-ம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ல்தான் மறுபடி திறந்தன. நடுவில் டிவியும் இருந்தது, யூடியூபும் இருந்தது. ஆனாலும் கற்றல் இழப்பைச் சரிசெய்ய அரசு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியது. தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள் பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருந்தது. யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையும் இதையே வலியுறுத்தியது: தொழில்நுட்பம் ஆசிரியருக்குத் துணையாக இருக்க வேண்டும், அவருக்குப் பதிலாக அல்ல.

ஏஐ-யை வகுப்பில் பயன்படுத்தலாமா?

கேள்வித்தாள் வரைவு, ஒரே கணக்குக்கு எளிமையான ஐந்து உதாரணம் போன்றவற்றுக்கு ஆசிரியர் பயன்படுத்தலாம். ஆனால் புத்தகத்தோடு ஒப்பிடாமல் அப்படியே பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது. தப்பான தகவலையும் சாட்பாட் அடித்துச் சொல்லும். தமிழ் இலக்கியம் என்றால் இன்னும் கவனம் தேவை. இல்லாத பாடலையும் இருப்பதாகச் சொல்லிவிடும். அதையே ஒரு பயிற்சியாக மாற்றலாம்: ஏஐ கொடுத்த விடையை அச்செடுத்துக் கொடுத்து, "பாடப் புத்தகத்தை வெச்சு இதுல இருக்கற தப்பைக் கண்டுபிடிங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

பிள்ளைகளின் தகவல் பத்திரமா?

2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தைகள் என்றே வரையறுக்கிறது. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்பது அதன் அடிப்படை. ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை:

- புதிய செயலிகளில் மாணவரின் முழுப்பெயர், போன் நம்பர், புகைப்படம் கொடுக்க வேண்டாம். வரிசை எண் போதும்.
- மதிப்பெண் பட்டியலை குரூப்பில் பொதுவாகப் பகிர வேண்டாம்.
- ஸ்மார்ட் போர்டில் யூடியூபைத் திறந்தால் அடுத்த வீடியோ தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

பள்ளியில் சேர்க்கும்போது "ஸ்மார்ட் கிளாஸ் இருக்கா?" என்று கேட்கிறோம். அதற்குக் கட்டணமும் கட்டுகிறோம். இனி கூடவே இன்னொரு கேள்வியும் கேட்கலாம்: "அதுல பிள்ளைங்க என்ன செய்யறாங்க?"

மாலையில் வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் "இன்னைக்கு என்ன வீடியோ போட்டாங்க?" என்பதற்குப் பதிலாக, "இன்னைக்கு நீ என்ன நினைச்ச, கடைசியில என்ன ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "மின்னோட்டம் குறையும்னு நினைச்சேன், ஆனா கூடிடுச்சு. ஏன்னா..." என்று பிள்ளை சொல்ல ஆரம்பித்தால், அந்த வகுப்பில் கருவி சரியாகத்தான் பயன்படுகிறது.