டிரெசர் பார்க்காத நோய்

1941-இல் மலாயாவின் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலியோடு இன்னொன்றையும் கேட்டார்கள்: முரட்டு டிரெசர்களை (தோட்ட மருத்துவ உதவியாளர்களை) மாற்றித் தமிழ் பேசுகிறவர்களைப் போட வேண்டும், ஒழுங்கான மருத்துவ வசதி வேண்டும். தோட்ட மருத்துவத்தின் லட்சணத்துக்கு இந்தப் பட்டியலே சாட்சி.

லயத்து (தோட்டக் குடியிருப்பு) ஜனங்களுக்கு டிரெசர்தான் டாக்டர். 1912, 1923 தொழிலாளர் சட்டங்கள் மருத்துவத்தை முதலாளியின் பொறுப்பாக்கின. ஆனால் கோலசிலாங்கூரிலும் அதற்கு வடக்கேயும் இருந்த தோட்டங்களில் அந்த ஏற்பாடு முதலில் குறிவைத்தது காய்ச்சலைத்தான். 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மல்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்து மலேரியாவை அடக்கிய கதை உலகப் புகழ் பெற்றது. காய்ச்சல் கண்டவர் பிரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) வரமாட்டார். நிர்வாகத்துக்கு அன்றைக்கே நஷ்டம். ரத்த அழுத்தம் அப்படியா? அது பாட்டுக்குப் பல வருஷம் பிரட்டுக்கு வந்துகொண்டிருக்கும்.

விடியுமுன் எழுந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, மரம் சீவப் போன பெண்ணுக்கு 1920-களின் கடைசியில் நிர்ணயமான நாட்கூலி 40 காசு. ஆணுக்கு 50. அடுப்படி வேலைக்கு யாரும் விலை நிர்ணயிக்கவில்லை. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி, காலும் முகமும் வீங்கிய பெண்ணுக்குப் பிற்காலத்தில் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்பது இன்று தெரிந்த சங்கதி. அன்றோ பிள்ளை பிறந்து வீக்கம் வடிந்தால் கதை முடிந்தது என்றே எண்ணினார்கள். அழுத்தத்தைக் குறைக்கும் தயசைடு மாத்திரை வந்ததே 1958-இல்தான்.

பக்கவாதம் வந்துவிட்டால், “கைகால் இழுத்துக்கிச்சு” என்பார்கள். மலாய்க்காரர்களுக்கு அது ‘அங்கின் அஹ்மார்’, சிவப்புக் காற்று. தமிழின் வாதமும் வாயுதான். இரண்டு மொழிகளும் காற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டு ரத்தக்குழாயைத் தப்பவிட்டன!

1970 முதல் 2008 வரையிலான ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பணக்கார நாடுகளில் புதிதாகப் பக்கவாதம் வருவது 42 விழுக்காடு குறைந்திருந்தது. ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் அது இருமடங்கைத் தாண்டியிருந்தது. வசதியான நாட்டுப் பெண்ணுக்குப் பெரும்பாலும் முதுமையில் வருவது, வசதியற்ற நாட்டில் உழைக்கும் வயதிலேயே வந்துவிடுகிறது.

மலேசியா இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. 2019 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் பத்தில் மூவருக்கு உயர் ரத்த அழுத்தம், ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. நீரிழிவில் இந்தியர்களே முன்னணியில். முந்தாமலே இருந்திருக்கலாம்.

பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அதற்குமுன் ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். வட சிலாங்கூரின் சுங்கை பஞ்சாங்கில் ஒரு பாட்டிக்கு வாய் கோணுகிறது என்று வைத்துக்கொள்வோம். மகன் வேலையிலிருந்து வரட்டும் என்று காத்திருந்து, தைலம் தேய்த்துப் பார்த்து, பிறகு சபாக் பெர்ணம் மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ அனுப்பப்பட்டால், அந்த நாலரை மணி சாலையிலேயே கரைந்துவிடும்.

பிழைத்தவர்களுக்கு வேண்டிய பயிற்சியும் இங்கே தாமதமாகத்தான் வந்தது. தாமே பக்கவாதத்திலிருந்து மீண்ட ஜேனட் இயோ என்ற பெண்மணி 1996-இல் ‘நாசாம்’ என்ற தேசியப் பக்கவாதச் சங்கத்தைத் தொடங்கினார். பயிற்சி நிலையங்கள் நகரங்களில் இருக்கின்றன. பாட்டியை அங்கே கூட்டிப் போய்க் கூட்டிவர ஓர் ஆள் வேண்டும். அதற்காக வேலையை விடுவது பெரும்பாலும் மகளோ மருமகளோதான்.