பெரியவர்களுக்காகப் பிறந்த ஊசி

போன மாசம் எங்க மாமாவைக் கூட்டிக்கிட்டு செண்பகத்தோப்புக்குப் போயிருந்தேன். காட்டழகர் கோயிலுக்கு ஏறலாம்னு திட்டம். கொஞ்ச தூரத்திலேயே மாமா ஒரு பாறையில உட்கார்ந்துட்டார். "நீ போயிட்டு வா மாப்ளே, எனக்கு மூச்சு பத்தல."

ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் 30 வருஷம் வேலை பார்த்தவர். பாதிக் காலம் புளோரூம், கார்டிங். பஞ்சுத்தூசி அதிகம் பறக்கிற இடங்கள். இப்போ வயசு 68, சர்க்கரையும் இருக்கு. போன ஐப்பசி மழையில் நிமோனியா வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் "நியூமோகாக்கல் ஊசி போட்டுக்கோங்க" என்றார். மாமா திருப்பிக் கேட்டார்: "அது சின்னப் பிள்ளைங்களுக்குப் போடுறதுல்ல?"

அந்தக் கேள்விக்குள் நூறு வருஷ வரலாறு இருக்கு. ஏன்னா இந்த ஊசி முதலில் குழந்தைகளுக்காக வந்ததே இல்லை. உழைக்கிற பெரியவர்களுக்காக வந்தது.

நியூமோகாக்கஸ் கிருமியை 1881-இல் பிரான்ஸில் பாஸ்டரும் அமெரிக்காவில் ஸ்டெர்ன்பெர்கும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். முப்பது வருஷம் கழித்து, தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் கறுப்பினத் தொழிலாளர்கள் நிமோனியாவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். வெப்ப மண்டலப் பகுதிகளிலிருந்து புதிதாக வந்து, நெரிசலான கொட்டடிகளில் தங்கியவர்களுக்குத்தான் பாதிப்பு அதிகம். ஆள் குறைந்தால் தங்கம் குறையும் என்று முதலாளிகளுக்குக் கவலை. 1911-இல் ஆல்ம்ராத் ரைட் என்ற ஆங்கில மருத்துவரை வரவழைத்தார்கள். கொன்ற கிருமிகளால் செய்த ஊசியை ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குப் போட்டுப் பார்த்தார். பலன் தெளிவாக இல்லை. இந்தக் கிருமியில் பல வகை உண்டு, ஒரு வகைக்கான பாதுகாப்பு இன்னொன்றுக்கு உதவாது என்பதைப் பிறகு அங்கேயே ஸ்பென்சர் லிஸ்டர் காட்டினார். சாவு குறையாததால் 1913-இல் வெப்ப மண்டலப் பகுதிகளிலிருந்து ஆள் எடுப்பதையே அரசு தடை செய்தது.

1940-களில் அமெரிக்காவில் நல்ல தடுப்பூசி ஒன்று வந்தது. கூடவே பென்சிலினும் வந்தது. "மருந்து இருக்கும்போது ஊசி எதுக்கு?" என்று கடையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

அதை ஏற்காதவர் ராபர்ட் ஆஸ்ட்ரியன். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டால், முதல் ஐந்து நாளில் நடக்கிற சாவைப் பென்சிலினாலும் தடுக்க முடிவதில்லை என்று 1964-இல் காட்டினார். 1970-களில் அதே தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்குத்தான் திரும்பிப் போனார். ஊசியில் இருந்த வகைகளால் வரும் நிமோனியா ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்தது. 1977-இல் 14 வகைகளுக்கான ஊசிக்கு அமெரிக்கா அனுமதி தந்தது; 1983-இல் அது 23 வகைகளாக உயர்ந்தது. ரெண்டு வயசுக்குக் கீழே அந்த ஊசி சரியாக வேலை செய்யாது. குழந்தைகளுக்கான புது வகை 2000-இல்தான் வந்தது.

இந்தியாவில் கதை தலைகீழ். 2017-இல் சில மாநிலங்களில் குழந்தைகளுக்கு இலவசமாகத் தொடங்கி, 2021-இல் நாடு முழுக்க வந்தது. அது அவசியமானதுதான். குழந்தைகளிடம் கிருமி குறைந்தால் வீட்டுப் பெரியவர்களுக்கும் கொஞ்சம் பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் பெரியவர்களுக்கு அரசுத் திட்டத்தில் இந்த ஊசி இல்லை. வெளியே போட்டால் சில ஆயிரம் ரூபாய். 2017-18-இல் நடந்த லாசி என்ற தேசிய முதியோர் ஆய்வில், 45 வயசுக்கு மேற்பட்டவர்களில் இதைப் போட்டிருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

பெரியவர்களுக்கு ஊசி போட நமக்குத் தெரியாதா? கொரோனா காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பள்ளிக்கூடத்திலும் போட்டோமே! நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய், சர்க்கரை, புகைப்பழக்கம், 65 வயசு தாண்டினவங்க... யாருக்கு முதலில் தேவை என்பதும் மருத்துவர்களுக்குத் தெரிஞ்சதுதான்.

நான் கோயிலுக்குப் போகாமல் பாறையிலேயே உட்கார்ந்து இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். அடுத்த வாரம் ஊசி போட்டுக்கிட்டார். பணம் மகள் கொடுத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் கேட்டார்: "கார்டிங்ல என்கூட நின்னவங்க பத்துப் பேர் இருக்காங்க மாப்ளே. அவங்களுக்கு யாரு போட்டு விடுவா?"

என்கிட்ட பதில் இல்லை. உங்க வீட்டில் அப்படி ஒருத்தர் இருந்தால், அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது இந்த ஊசியைப் பற்றிக் கேளுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.