தரங்கம்பாடிச் சபையும் முதல் நாட்டுப் போதகர் தேர்வும்

1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், ஆரோன் என்னும் உபதேசியார் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். இந்தியப் புராட்டஸ்டண்டுத் திருச்சபையின் முதல் நாட்டுக் குருவானவர் இவரே என்று வகுப்பறையில் ஆண்டுதோறும் கூறி வருகிறோம். ஆனால், சபை யாரைக் கடந்து அவரிடம் வந்து சேர்ந்தது என்பதை நாம் அத்துணை விரிவாகக் கூறுவதில்லை.

சீகன்பால்க் 1706இல் வந்திறங்கிய தரங்கம்பாடி, டேனியருக்கு உரிய ஒரு சிறு நிலப்பகுதி. அதன் எல்லைக்கு அப்பால் தஞ்சை மன்னரின் நாடு. அங்கே மிஷனெரிகள் தாராளமாக நடமாட இயலவில்லை, உபதேசிமார் சென்றனர். அவர்கள் உழைப்பால் சிற்றூர்களில் சபைகள் எழுந்தன. எனினும் உபதேசியார் போதிக்கலாம், செபிக்கலாம். நற்கருணை பரிமாற அவருக்கு அதிகாரம் இல்லை. ஆகவே நாட்டுப் போதகரைத் தேடும் கட்டாயம் கொள்கையினின்று பிறந்ததன்று. பசித்த சபைகளிலிருந்து பிறந்தது.

ஆரோன் கடலூரில் சைவ வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர். 1718இல் திருமுழுக்குப் பெற்றவர். உபதேசியாராக நெடுங்காலம் சோதித்தறியப்பட்டவர். அவருடைய தகுதியில் ஐயம் எவருக்கும் வேண்டியதில்லை. ஆனால் அதே காலத்தில் இராஜநாயக்கன் என்ற மற்றோர் ஊழியரும் இருந்தார். தஞ்சை மன்னரின் படையில் சேர்வைக்காரராக இருந்த இவர், ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தினர். தரங்கம்பாடியில் அச்சான நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் இவர் கைக்குக் கிட்டின. அவற்றை வாசித்தே இவர் சத்தியத்தைத் தேடி வந்தார். மிஷனெரி ஒருவர் தேடிப்பிடித்த ஆத்துமா அன்று; அச்செழுத்துத் தேடிப்பிடித்த ஆத்துமா என்பேன். பின்பு உபதேசியாராகித் தஞ்சைச் சீமையில் பலரைச் சபையில் சேர்த்தார்.

நாட்டுப் போதகர்களைத் தேர்ந்த அந்த ஆண்டுகளில் இவர் விலக்கப்பட்டதற்குக் கல்விக்குறைவோ நடத்தைக்குறைவோ காரணமன்று. இவர் பறையர் குலத்தில் பிறந்தவர். இவர் கையினால் நற்கருணை வழங்கப்பட்டால், உயர்ந்தோராகத் தங்களை எண்ணிய சபையாரிடம் அத்திருவருட்சாதனத்தின் மதிப்பே குன்றிவிடும் என்று மிஷனெரிகள் அஞ்சினர். அச்சத்தை ஒளிக்காமல் எழுதியும் வைத்தனர்.

அவர்கள் லுத்தரன்மார் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 8ஆம் பிரிவு, பொல்லாதவன் ஒருவன் பரிமாறினாலும் திருவருட்சாதனம் பயனற்றதாகாது என்கிறது. பரிமாறுகிறவன் பாவம்கூட அதன் பயனைக் குலைக்காது என்று அறிக்கையிட்டோர், பரிமாறுகிறவன் பிறப்பு அதன் மதிப்பைக் குலைக்கும் என்பதற்கு இடங்கொடுத்தனர். பயன் வேறு, மதிப்பு வேறு என்று அவர்கள் பக்கம் நின்று வாதாடலாம். நானும் பல ஆண்டுகள் மாணவர்களிடம் அவ்வாறே வாதாடியிருக்கிறேன். இப்போது அந்த வாதம் எனக்குச் செல்லுபடியாகவில்லை. அதே அறிக்கையின் 14ஆம் பிரிவு கோரும் முறையான அழைப்பைத் தருவது எது என்ற வினா அங்கே எழுந்துவிடுகிறது. சபையாரின் சம்மதம் அழைப்பின் ஓர் அங்கம் என்பது நல்ல உபதேசம். ஆயின் அந்தச் சம்மதம் எதன்மேல் நிற்கிறது என்று கேளாமல் விட்டால், சபையின் குரலாக ஊரின் குரலே ஒலிக்கும். குருசேகரம் ஒன்று காலியாகும்போது, வரப்போகிறவரைப்பற்றி, “ஐயர் எந்த ஊர்?” என்று நம்மவர் கேட்பதன் பொருளை வாசகர்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மிஷனெரிகளை மட்டும் குற்றஞ்சாட்டுவது எளிது. தேவாலயத்திற்குள்ளேயே பிரிந்து அமர்ந்தவர்கள் நம் முன்னோர்.

1741இல் இரண்டாம் நாட்டுப் போதகராகத் தியோகு குருப்பட்டம் பெற்றார். 1745இல் ஆரோன் காலமானார். இராஜநாயக்கன் 1771இல் மரித்தார்; அதுவரையும் உபதேசியாராகவே இருந்தார். அவர் போதித்து ஆயத்தப்படுத்திய மக்களுக்கு அப்பம் பிட்டுக் கொடுக்க, ஒவ்வொரு முறையும் வேறொருவர் வர வேண்டியிருந்தது.