சத்தம் குறைய, குரல் குறையாமல்: வால்வு ஆம்ப்ளிஃபயரின் கதை

   இலக்கிய அமர்வில் கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு இது ஒரு குரலின் வரலாறு. ஒரு பழுதை மனிதர்கள் அழகு என்று கண்டுகொண்டார்கள். அந்த அழகோ பெரும் சத்தத்தில்தான் பிறந்தது. சத்தத்தைக் குறைத்து அழகை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக முயன்றுகொண்டிருக்கிறார்கள். அந்த முயற்சியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நம் வீடுகளில் இருந்த பழைய வால்வு ரேடியோ சிலருக்கு நினைவிருக்கும். சுவிட்சைப் போட்டதும் பாட்டு வராது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் செம்மஞ்சளாகக் கனன்று சூடேறிய பிறகுதான் குரல் வரும். அந்தக் கண்ணாடிக் குழாய்தான் வால்வு. 1904இல் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் இரண்டு மின்முனைகளோடு அதைச் செய்தார். 1906இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் மூன்றாவதாக ஒரு மின்முனையைச் சேர்த்தார். ஊசிமுனை அளவு மின்னசைவைப் பெரிதாக்கும் வழி அதில்தான் திறந்தது.

வால்வுக்குத் தாங்கும் எல்லை உண்டு. அதைத் தாண்டி அழுத்தினால் ஒலி அலையின் உச்சி மழுங்கிவிடும். மழுங்கும்போது மூல ஒலியில் இல்லாத மேல் சுரங்கள் பிறந்து கூடச் சேர்கின்றன. பொறியாளர்கள் அதைச் சிதைவு என்றார்கள், வராமல் தடுப்பதையே தொழிலாக வைத்திருந்தார்கள். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டரும் தெளிந்த ஒலிக்காகத்தான் ஆம்ப்ளிஃபயர் செய்தார்.

கலைஞர்களின் காது வேறு மாதிரிக் கேட்டது. 1958இல் லிங்க் ரே ‘ரம்பிள்’ என்ற இசைத்துண்டை வெளியிட்டார். கரகரப்பு வேண்டும் என்று ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பில் பென்சிலால் துளை போட்டார். கொரியப் போர்க்காலத்தில் படையில் இருந்தபோது காசநோய் வந்து ஒரு நுரையீரலை இழந்தவர் அவர். பாடுவது கடினமான பிறகு, கிட்டாரையே தன் குரலாக ஆக்கிக்கொண்டார். செவிலியாக எனக்கு இந்த இடம் முக்கியம். பாட்டுக்கு ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் இளைஞர்களை வன்முறைக்குத் தூண்டும் என்று சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. 1964இல் லண்டனில் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சிறிய ஆம்பின் கூம்பைச் சவர பிளேடால் கீறினார். ‘யூ ரியலி காட் மீ’ பாட்டில் கேட்கும் முரட்டுக் குரல் அப்படி வந்தது.

அதே லண்டனின் மேற்கே ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார் ஜிம் மார்ஷல். டிரம்ஸ் ஆசிரியர். எலும்புக் காசநோயால் சிறுவயதின் பெரும்பகுதியை மாவுக்கட்டுக்குள் கழித்தவர். லிங்க் ரேவுக்கு நுரையீரலில் வந்தது, இவருக்கு எலும்பில். 1962இல் கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரோடு சேர்ந்து ஃபெண்டர் பாஸ்மேனின் சுற்றை முன்மாதிரியாக வைத்து ஓர் ஆம்ப்ளிஃபயர் செய்தார். அதுதான் ஜேடிஎம்45. முதல் கட்டத்தில் அதிகம் பெருக்கும் வால்வைப் போட்டதால் அது விரைவிலேயே கரகரத்தது. 1965இல் ‘தி ஹூ’ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் கேட்டார். 100 வாட் மார்ஷல் பிறந்தது.

1966இல் எரிக் கிளாப்டன் ஜான் மேயாலின் குழுவோடு லண்டன் டெக்கா ஸ்டுடியோவில் பதிவுக்குப் போனார். மார்ஷல் ஆம்பை மேடையில் வைக்கும் அளவுக்கே வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். பதிவுப் பொறியாளர்களுக்கு அது பழக்கமில்லாத சத்தம். ஆனால் அந்தத் தட்டு வெளிவந்ததும், கிட்டார் என்றால் இப்படித்தான் ஒலிக்க வேண்டும் என்று ஒரு தலைமுறையே நம்பியது. அந்த ஒலி முன்கட்ட வால்வில் மட்டும் பிறப்பதில்லை. கடைசியில் இருக்கும் பவர் வால்வுகள், டிரான்ஸ்ஃபார்மர், ஒலிபெருக்கியின் கூம்பு எல்லாம் சேர்ந்து திணறும்போதுதான் பிறக்கிறது. அவற்றைத் திணறவைக்க முழுச் சத்தம் வேண்டும். சிக்கலின் வேர் இதுதான்.

இதற்குக் கண்ட வழிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வழி, மாஸ்டர் வால்யூம். முன்கட்டத்தில் ஒலியைக் கரகரக்கவிட்டு, பவர் வால்வுக்குப் போகும் முன் இன்னொரு குமிழால் அளவைக் குறைப்பது. சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் ராண்டல் ஸ்மித் சிறிய ஃபெண்டர் ஆம்புகளைப் பிரித்து மாற்றிக் கொடுத்துவந்தார். அவற்றில் ஒன்றை கார்லோஸ் சந்தானா வாசித்துப் பார்த்து வியந்து சொன்ன சொல்லில் இருந்தே ‘பூகி’ என்ற பெயர் வந்தது. 1970களின் தொடக்கத்தில் ஸ்மித் ஒரு கூடுதல் வால்வுக் கட்டத்தைச் சேர்த்து, அடுத்தடுத்துக் குமிழ்கள் வைத்தார். 1975இல் மார்ஷலும் மாஸ்டர் வால்யூம் ஆம்பைக் கொண்டுவந்தது. குறை என்ன? குமிழை மிகவும் குறைத்தால் பவர் வால்வுகள் தூங்குகின்றன. கரகரப்பு இருக்கும், சதை இருக்காது.

இரண்டாவது வழி, ஆம்புக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் ஒரு தடுப்பு. பொறியியல் படித்தவரும் பாஸ்டன் குழுவை நடத்தியவருமான டாம் ஷோல்ஸ் 1980 வாக்கில் ‘பவர் சோக்’ என்ற பெட்டியை விற்றார். ஆம்ப் முழு மூச்சில் உழைக்கும், அந்தச் சக்தியின் பெரும்பகுதி பெட்டிக்குள் வெப்பமாகிவிடும். இதற்கும் விலை உண்டு. வால்வுகள் சீக்கிரம் தேயும், ஒலிபெருக்கியின் கூம்பும் அதிகம் அசைவதில்லை.

மூன்றாவது வழி, மின்னழுத்தத்தையே குறைப்பது. எடி வான் ஹேலன் தன் மார்ஷலுக்கு வேரியாக் வழியாக ஏறத்தாழ 90 வோல்ட் மட்டும் கொடுத்தார். சிறிய விடுதிகளில் வாசிக்க அது உதவியது.

நான்காவது வழி மிக எளியது: சிறிய ஆம்ப். 1966இல் ஸ்டுடியோவை அதிரவைத்த அதே கிளாப்டன், 1970இல் மயாமியில் ‘லைலா’ தொகுப்பைப் பதிவு செய்தபோது பயன்படுத்தியது ஃபெண்டர் சாம்ப். அதன் சக்தி சுமார் 5 வாட்தான்.

இங்கே ஒரு கணக்கு சொல்ல வேண்டும். 100 வாட்டை 50 ஆக்கினால் சத்தம் பாதியாகாது. 3 டெசிபல்தான் குறையும், காதுக்கு அது சிறிய வித்தியாசம். பாதி சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழ 10 வாட்டுக்கு இறங்க வேண்டும். ஆகவே நான்கு பவர் வால்வுகளில் இரண்டைக் கழற்றுவது மட்டும் அடுக்குமாடி வீட்டுக்குப் போதாது.

காதுக்கும் இதில் பங்கு உண்டு. பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் காட்டியது: சத்தம் குறையும்போது தாழ்ந்த சுரங்கள் நம் காதில் மற்றவற்றைவிட வேகமாக மங்குகின்றன. அதனால் ஒரே ஆம்ப் குறைந்த சத்தத்தில் மெலிந்து கேட்கிறது. இதற்கு மேல் பழைய மார்ஷல்களில் இன்னொரு தொல்லை. வால்யூம் குமிழின் மேல் ஒரு சிறு கெபாசிட்டர் உண்டு, சிலவற்றில் 5000 பிக்கோஃபாரட். குமிழைக் குறைத்தால் மற்ற ஒலிகள் குறைய, கீச்சொலி மட்டும் அதன் வழியாகக் குறுக்கே ஓடிவிடும். அதைக் கழற்றினாலோ சிறியதாக மாற்றினாலோ காது கூசுவது நிற்கும். முன்கட்டத்தில் பெருக்கம் 100 உள்ள 12ஏஎக்ஸ்7 வால்வுக்குப் பதில் 70 உள்ள 5751ஐச் செருகினால் குமிழும் நிதானமாகத் திரும்பும். பெரிய செலவில்லாத மாற்றங்கள் இவை.

ஆனால் பெட்டியைத் திறக்கும் முன் கேளுங்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கும் மேல் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். அதை வடித்துவிடத் தெரியாதவர் கை வைக்கவே கூடாது, தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒலிபெருக்கி இணைக்காமல் வால்வு ஆம்பை ஓட்டவும் கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். உறுமல் கேட்கிறது என்று எர்த் கம்பியை வெட்டுகிறவர்கள் உண்டு. 1972இல் ஸ்வான்சீ மேடையில் லெஸ் ஹார்வி இறந்தார். 1976இல் யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் தன் வீட்டிலேயே கிட்டாரோடு இறந்தார். இரண்டு சாவுக்கும் காரணம் எர்த் சரியில்லாத இணைப்பு. நெஞ்சை அழுத்தி உயிரை மீட்கப் பார்க்கும் கைகளில் என் கையும் ஒன்று என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

காதுக்கும் அவ்வளவுதான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது அமெரிக்கப் பணிநலப் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். 100 வாட் கேட்டு வாங்கிய டவுன்ஷெண்டே பிறகு காது இரைச்சலோடு வாழ்வதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். சபைகளில் இளைஞர்கள் கிட்டார் வாசிக்கும்போது முன்வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு இசை பிடிக்கவில்லை என்று உடனே முடிவு செய்ய வேண்டாம்.

நம்மில் பலர் வாழ்வது மெல்லிய சுவர்களுக்கு நடுவே. சுவருக்கு அந்தப் பக்கம், இரவுப்பணி முடித்த ஒருவர் பகலில் தூங்க முயன்றுகொண்டிருக்கலாம். நானும் அப்படித் தூங்குகிறவள்தான். குறைந்த சத்தத்தில் நல்ல குரல் தேடியவர்கள் எல்லாரும் அந்த மனிதரை நினைத்துத் தேடினார்கள் என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலும் தங்கள் ஒலிக்காகத்தான் தேடினார்கள். ஆனால் அவர்கள் கண்டுபிடித்ததால் வாசிக்கிறவரும் தூங்குகிறவரும் ஒரே கட்டடத்தில் இருக்க முடிகிறது.