தனித்த உரைத்திருத்தியும் ஒருங்கிணைந்த நிரலாக்கச் சூழலும்: டர்போ பாஸ்கலை முன்வைத்து ஒரு நோக்கு

நிரலை ஒரு கருவியில் எழுதி மற்றொன்றில் பெயர்ப்பது பழைய முறை, இரண்டையும் ஒரே திரையில் இணைத்தது அதன் வளர்ச்சி என்று கருதும் போக்கு உண்டு. காலவரிசை இதற்கு இடந்தரவில்லை. 1964ஆம் ஆண்டு டார்ட்மவுத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் ஆகியோர் உருவாக்கிய பேசிக் அமைப்பிலேயே, வரி எண்ணுடன் தட்டிய கூற்று நிரலில் சேர்ந்தது. 'ரன்' என்று தட்டியதும் நிரல் பெயர்க்கப்பட்டு இயங்கியது. எழுதுதலும் இயக்குதலும் அங்கு ஒரே உரையாடலாகவே அமைந்தன.

அவற்றைத் தனித்தனிக் கருவிகளாக வைத்துக்கொண்ட யூனிக்ஸ் இதற்குப் பிற்பட்டது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் எழுதிய 'எட்' உரையை மட்டுமே திருத்தும். பெயர்ப்பதை வேறொரு கட்டளை செய்யும். எந்த மொழிக்கும் ஒரே திருத்தி போதும் என்பது இதன் நன்மை. ஆனால் எந்தக் கோப்பு மாறியது, எதை மீண்டும் பெயர்க்கவேண்டும் என்பதைப் பயனரே நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது. திருத்திய கோப்பைப் பெயர்க்க மறந்து, சரியான நிரலிலேயே ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப்பொழுது முழுதும் பிழை தேடினார். அதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் 'மேக்' என்னும் கருவியை எழுதினார். பிரிவினையை ஒழிக்காமலே அதன் சுமையைக் குறைத்த தீர்வு இது.

நுண்கணிப்பொறியில் சிக்கல் வேறுவிதமானது. நெகிழ்வட்டை நம்பிய பயனர் திருத்தியை ஏற்றி, எழுதி, சேமித்து, வெளியேறி, பின்னர் நிரல்பெயர்ப்பியை ஏற்றவேண்டும். பல பாஸ்கல் பெயர்ப்பிகளில் இதற்குமேல் இணைப்பியையும் இயக்கவேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் மீண்டும் முதலிலிருந்தே தொடங்கவேண்டும். 1983 நவம்பரில் போர்லாண்ட் நிறுவனம் 49.95 டாலருக்கு வெளியிட்ட டர்போ பாஸ்கல் இந்தச் சுற்றையே அகற்றியது. ஆண்டர்ஸ் ஹெஜல்ஸ்பெர்க் பொறிமொழியை ஒட்டிய தொகுமொழியில் எழுதிய அதன் பெயர்ப்பி, மூலநிரலை ஒரே நடையில் படித்து நினைவகத்திலேயே இயங்குநிரலாக்கியது. பிழை கண்டவுடன் நின்று, பயனரைத் திருத்திக்குள் பிழையுள்ள இடத்திற்கே கொண்டு சேர்த்தது. முதற்பிழையுடன் நின்றுவிடுவதைப் பெயர்ப்பியின் குறையாகவும் கொள்ளலாம். ஆயினும் மீண்டும் பெயர்க்கச் சில நொடிகளே ஆகும்போது பிழைப்பட்டியலுக்குத் தேவை இல்லாமற்போகிறது. ஆகவே இங்கு ஒருங்கிணைப்பைச் சாத்தியமாக்கியது திரையின் அமைப்பன்று, பெயர்ப்பியின் வேகமே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

1987இல் வந்த டர்போ சி இதே குடும்பத்தது. தமிழகக் கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றில் டாஸ் வழக்கொழிந்த பின்னரும் அது நீடித்தது. கன்ட்ரோலுடன் எஃப்9 விசையை அழுத்தினால் பெயர்த்தல், இணைத்தல், இயக்குதல் மூன்றும் ஒருங்கே நிகழும். நேரம் குறைந்த செய்முறை வகுப்பிற்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் இலக்குக் கோப்பு என ஒன்று இடையில் உருவாவதை அவ்விசையை மட்டும் அறிந்த மாணவர் காண்பதில்லை. சி மொழித் தரத்தில் இடம்பெறாத 'கோனியோ' தலைப்புக் கோப்பையும் மொழியின் பகுதியென்றே அவர் எழுதிப் பழகுகிறார். லினக்ஸில் ஜிசிசி அந்நிரலை ஏற்க மறுக்கும்போதுதான் மொழி வேறு, சூழல் வேறு என்பது அவருக்குத் தெரியவருகிறது.